ஒன்பது வயது முகவரி

ஹொஷினா தொகுஜி சமையலறைத் தரையில் இரண்டு நாள் கிடந்தார். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு விழுந்தவரைச் சனிக்கிழமை விடிவதற்கு முன் செய்தித்தாள் போடும் பெண் கண்டுபிடித்தாள். பெட்டியில் வியாழக்கிழமைத் தாளும் வெள்ளிக்கிழமைத் தாளும் எடுக்கப்படாமல் இருந்தன. மூன்றாவதைச் செருக இடமில்லாமல் அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை நகர அலுவலகத்தின் முதியோர் நலப் பிரிவுக்கு இந்தச் செய்தி வந்தது. பிரிவுத் தலைவர் தொகாஷி அதை ஹிராய்வா நொபுயோவிடம் கொடுத்தார்.

"உங்களத்தான் கேக்கறாராம். டீச்சர வரச் சொல்லுங்கன்னு நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கார்."

"நான் டீச்சர் இல்லயே."

"எதுக்கும் போய்ப் பாத்துட்டு வாங்க."

நொபுயோவுக்கு நாற்பத்து நான்கு வயது. இரண்டரை வருடம் முன்புவரை தகவல் பிரிவில் இருந்தாள். ஏப்ரல் மாற்றலில் இங்கே வந்தாள். தகவல் பிரிவில் இருந்தபோது மாதம் ஒரு முறை சமூகக் கூடத்தில் வயதானவர்களுக்கு வகுப்பு எடுத்தாள். கைப்பேசியில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று. அதில் ஹொஷினா முதல் வரிசையில் உட்காருவார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக்கொள்வார்.

மருத்துவமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மலை உச்சியில் பனி விழுந்திருந்தது. ஊருக்குள் இன்னும் இல்லை.

அவர் மல்லாந்து படுத்திருந்தார். முகம் சிறுத்துப்போயிருந்தது.

"டீச்சர் வந்தாச்சு," என்றார். குரல் கரகரத்தது.

"எப்படி இருக்கீங்க, ஹொஷினா-சான்?"

"இடுப்புல இரும்பு வெச்சிருக்காங்க. எண்பத்து மூணு வயசுல புது உதிரிப் பாகம். வண்டி பழசு, பாகம் புதுசு."

நொபுயோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கொண்டுவந்த ஆப்பிள் பையை மேசையில் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் அவர். "சண்டைக்குக் கேக்கல."

"கேளுங்க."

"வியாழன், வெள்ளி. ரெண்டும் வேலை நாள்தானே. ஆபீஸ்ல யாருக்காவது உடம்பு சரியில்லாம போச்சா?"

அவளுக்கு அவர் கேட்பது புரியவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார்.

"காலைல பத்து மணிக்குள்ள நான் பட்டன அழுத்தணும். அழுத்தலேன்னா நீங்க போன் பண்ணுவீங்க. எடுக்கலேன்னா மத்தியானத்துக்குள்ள கார் வரும். அப்படித்தானே ஏற்பாடு. நான் விழுந்தது ஆறு மணிக்கு. போன் மேசை மேல சார்ஜுல இருந்துது. கைக்கு எட்டல. சரி, நாலு மணி நேரந்தானேன்னு படுத்திருந்தேன்."

நொபுயோ நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே நகர்த்தினாள்.

"கத்தக்கூட இல்ல. எதுக்குத் தொண்டையக் கெடுத்துக்கணும்? பத்து மணிக்கு போன் அடிக்கும், மத்தியானம் கார் வரும். சோறு குக்கர்ல சூடா இருந்துது. வாசன வந்துட்டே இருந்துது. ஹீட்டர் மூணு மணி நேரத்துல தானா அணைஞ்சுது. அதுக்கென்ன, வந்துடுவாங்கன்னு இருந்தேன். அஞ்சு மணிக்கு ஊர் ஒலிபெருக்கில பாட்டு போட்டீங்க. பசங்கல்லாம் வீட்டுக்குப் போற பாட்டு. அப்பத்தான் சரி கத்திப் பாக்கலாம்னு தோணிச்சு. கத்தினா குரல் வரல."

"ம்."

"மறுநாளும் அந்தப் பாட்டு வந்துது. அப்புறம் ஞாபகம் இல்ல."

அவர் தலையணைக்கு அடியிலிருந்து கைப்பேசியை எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்காமலே விரலால் தடவித் திறந்து அவளிடம் நீட்டினார்.

"பாருங்க. இங்க வந்தப்புறமும் அழுத்தறேன். இன்னிக்குக் காலைலகூட."

திரையில் பச்சை நிறப் பட்டன் இருந்தது. 'நலமாக இருக்கிறேன்.' மேலே நகரத்தின் சின்னம், ஆறும் இரண்டு மலைகளும். கீழே, பின்னணியோடு ஒட்டிப்போகிற சாம்பல் நிறத்தில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி. அதில் சூதாட்டத் தளங்களின் பெயர்கள் இருந்தன. கண்ணாடி போட்டாலும் அவரால் அதைப் படிக்க முடியாது.

அந்தச் சேவையை நகரம் நிறுத்தி இருபது மாதம் ஆகியிருந்தது.

"இது…" என்றாள் நொபுயோ. "இது நடுவுல நின்னுதா?"

"நின்னுது. போன வருஷம் ஏப்ரல்ல. பக்கமே வரல. மார்ச்ல ஒரு கடிதம் வந்துது, சேவை முடியுதுன்னு. ஆபீஸ் பேருல வர்ற கடிதத்த நம்பாதீங்க, நீங்களே போன்ல முகவரிய அடிச்சுப் பாருங்கன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. தினமும் அடிச்சுப் பாத்தேன். ரெண்டு மாசம் ஒண்ணும் இல்ல. சரி, கடிதம் நெஜந்தான்னு நெனச்சேன். ஜூன்ல மறுபடி வந்துடுச்சு."

"உங்களுக்குச் சந்தேகம் வரலயா?"

"வராம?" அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "போன பக்கம் திரும்பி வந்தா மொதல்ல என்ன பண்ணணும்? முகவரியோட வயசு பாக்கணும். நீங்க சொல்லிக் குடுத்தது. பாத்தேன். பதிவான நாள், ஒன்பது வருஷத்துக்கு முன்னால. ஏமாத்துக்காரன் செஞ்சிருந்தா ஒன்பது நாள் வயசுதான் இருக்கும். ஒன்பது வருஷம் எவன் காத்திருப்பான்? ஆபீஸ்ல மனசு மாத்திக்கிட்டாங்கன்னு நெனச்சேன். மலைப் பக்கத்து பஸ்ஸ நிறுத்தி, அப்புறம் விடலையா? அந்த மாதிரி."

நொபுயோ கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என் மக சயோகோ நகோயாவுல இருக்கா. சனிக்கிழமை ஓடி வந்தா, நேத்து போனா, புதன்கிழமை மறுபடி வரா. அவ வீட்டுக்குப் பக்கத்துல ஒரு முதியோர் விடுதியாம். ஏழாவது மாடி. அங்க கூட்டிட்டுப் போறேங்கறா. நான் சொல்லிட்டேன், எனக்கு வீடு இருக்கு, பட்டன் இருக்கு, பதினேழு மாசத்துல ஒரே ஒரு தடவ தவறியிருக்கு, டீச்சர் வந்து இனிமே தவறாதுன்னு சொன்னா சரிதானேன்னு. அதுக்கு அவ, 'ஆபீஸ்காரங்க எழுதி முத்திரை வெச்சுத் தந்தா விடறேன்'னா."

"அப்படியா சொன்னாங்க?"

"அவங்க அம்மா மாதிரி. வாயால சொன்னா கேக்க மாட்டா, காகிதம் வேணும்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஒரு காகிதந்தான், டீச்சர். நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

"விசாரிச்சுட்டு வரேன்," என்றாள் நொபுயோ.

*

அலுவலகத்தில் அவள் மேலங்கியைக் கழற்றாமலே கணினி முன் உட்கார்ந்தாள். இணைய முகவரிகளின் பதிவு விவரம் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். வகுப்பில் பெரிய திரையில் காட்டியது இதே பக்கத்தைத்தான். முகவரியை அடித்தாள்.

முதல் வரி: பதிவான நாள். பத்தரை வருடத்துக்கு முந்தைய ஏப்ரல் பத்து. அதைப் பதிவு செய்தது அவளே. நகரத்தின் சொந்த முகவரி நீளமாக இருந்தது. வயதானவர்கள் தட்டச்சு செய்யச் சுலபமாக இருக்கட்டும் என்று சின்னதாகத் தனியே ஒன்று வாங்கினார்கள்.

இரண்டாவது வரி: கடைசியாக மாறிய நாள். போன வருடம் மே இருபத்திரண்டு.

மூன்றாவது வரி: உரிமையாளர். மறைக்கப்பட்டிருந்தது.

வகுப்பில் அவள் சொன்னது நினைவிருந்தது. முதல் வரியை மட்டும் பாருங்கள், மற்றதெல்லாம் குழப்பும். உண்மையிலேயே குழப்பியது. இரண்டாவது வரியைக் காட்டியபோது கை தூக்கி ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள், வகுப்பு அரை மணி நேரம் நீண்டது. அடுத்த மாதத்திலிருந்து அந்த வரியை வெள்ளைக் கட்டத்தால் மறைத்துவிட்டாள்.

மாற்றலாகி வரும்போது அடுத்து வருபவருக்கு எழுதிவைத்த ஒப்படைப்புக் குறிப்பைத் தேடி எடுத்தாள். பதினான்கு பக்கம். ஒன்பதாவது பக்கத்தில் அவள் எழுத்தில் இருந்தது: 'நலம் பட்டன் சேவை அடுத்த மார்ச்சுடன் முடிகிறது. புதிய நிதியாண்டில் ஒதுக்கீடு இல்லை. முகவரியைப் புதுப்பிக்கத் தேவையில்லை. தானாகக் காலாவதியாகும்.' ஓரத்தில் அவள் முத்திரை, பிறகு மேலதிகாரியின் முத்திரை, அவருக்கு மேலே இருப்பவரின் முத்திரை. மூன்றும் நேராக இருந்தன.

அவளுக்குப் பின் வந்தவர் குறிப்பில் இருந்தபடியே செய்திருந்தார்.

தொகாஷி தேநீர்க் கோப்பையோடு வந்து பின்னால் நின்றார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நாம விட்டுட்டோம். அது செத்துப்போச்சு. அப்புறம் எப்படி உயிரோட இருக்கு?"

"சாகறதுக்கு முன்னாடியே ஏலம் போயிடுச்சு. பதிவு செய்யற கம்பெனியே காலாவதியானத ஏலம் விடும். முழுசா அழிஞ்சு, வேற ஒருத்தர் புதுசா பதிஞ்சா, வயசு அன்னிலேருந்து ஆரம்பிக்கும். ஏலத்துல கைமாறினா பழைய வயசு அப்படியே நிக்கும்."

"ஒரு கிராமத்துப் பட்டனோட முகவரிய எவன் ஏலத்துல எடுப்பான்?"

"வயசுக்காக எடுப்பாங்க. ஒன்பது வருஷமா இருக்கு. மாவட்ட அரசுத் தளத்துலேருந்து இணைப்பு இருக்கு, ஆஸ்பத்திரிலேருந்து இருக்கு, பள்ளிக்கூடத்துலேருந்து இருக்கு. தேடுபொறி இத நல்ல குடும்பம்னு நெனைக்கும். அதோட அடியில சூதாட்டக் கடைய ஒட்டவெச்சா அதுவும் நல்ல குடும்பமாயிடும்."

"பட்டன எதுக்கு வெச்சாங்க?"

"பக்கம் மாறினா மதிப்பு கொறையும். அதனால பழைய பக்கங்களோட நகல எங்கேருந்தோ எடுத்து அப்படியே மாட்டியிருக்காங்க. பட்டன் என்னன்னு அவங்களுக்குத் தெரியாது. பாத்திருக்கக்கூட மாட்டாங்க."

"அழுத்தினா?"

"'நன்றி, நல்ல நாளாக அமையட்டும்'னு வரும். அவ்வளவுதான். யாருக்கும் போகாது."

தொகாஷி தேநீரைக் குடித்தார்.

"கடிதம் அனுப்பியிருக்கோம் இல்லையா?"

"அனுப்பியிருக்கோம். பதிவு இருக்கு."

"அப்ப யார் மேலயும் தப்பில்ல. கடிதம் போச்சு, அவர் பாத்தார், மறந்துட்டார். வயசாச்சு. அப்படி எழுதுங்க."

"அவர் மறக்கல. நம்பல."

"ஏன் நம்பல?"

"நம்பாதீங்கன்னு சொல்லிக் குடுத்திருந்தோம்."

"நாம எப்பச் சொன்னோம்?"

"நான் சொன்னேன்."

தொகாஷி கோப்பையில் ஏதோ விழுந்துவிட்டதுபோல உள்ளே பார்த்துக்கொண்டே தன் மேசைக்குப் போனார். போகும் வழியில் திரும்பினார்.

"வேற யாராவது இன்னும் அழுத்தறாங்களா?"

அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பழைய பயனாளர் பட்டியலில் இருபத்தேழு பேர் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை முழுவதும் தொலைபேசியில் இருந்தாள். பலர் இறந்திருந்தார்கள் அல்லது விடுதிகளுக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் மாவட்டத்தின் புதிய ஏற்பாட்டில் சேர்ந்திருந்தார்கள். அதில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்பாத்திரம் ஒன்று தருவார்கள், திறந்தால் அது செய்தி அனுப்பும். பதினெட்டாவது எண், முதோ ஃபுமியே, எழுபத்தொன்பது வயது.

"பட்டனா? தினமும் அழுத்தறேனே," என்றாள் முதோ. "ஏன், கட்டணம் போடப் போறீங்களா?"

"அது இப்ப எங்க கைல இல்ல, முதோ-சான். நீங்க அழுத்தறது யாருக்கும் போகல."

"அப்படியா?"

"போன வருஷத்துலேருந்து."

"அதான பாத்தேன். போன மாசம் அஞ்சு நாள் வெந்நீர் ஊத்துக்குப் போயிருந்தேன், அழுத்தல. ஒருத்தரும் கூப்பிடல. சரி, உங்களுக்கும் என்னப் புடிக்கலேன்னு நெனச்சேன்."

"மன்னிச்சுக்கோங்க."

"விடுங்க. அழுத்தினா 'நல்ல நாளாக அமையட்டும்'னு வருதா இல்லையா? என் வீட்டுக்காரர் நாப்பத்தாறு வருஷத்துல ஒரு நாள் அப்படிச் சொன்னதில்ல. நான் அழுத்திட்டுதான் இருப்பேன்."

"தயவுசெஞ்சு அழுத்தாதீங்க. தனியா இருக்கீங்க. ஏதாவது ஆச்சுன்னா?"

"பக்கத்து வீட்டுக்காரியோட காய்கறித் தோட்டத்து வேலி சண்ட பதினோரு வருஷமா நடக்குது. ஒரு நாள் நான் வெளிய வரலேன்னா அவ சந்தோஷத்துல மொதல் ஆளா வந்து பாப்பா."

நொபுயோ பட்டியலில் முதோவின் பெயருக்கு எதிரே 'புதிய ஏற்பாடு, விண்ணப்பம் அனுப்ப வேண்டும்' என்று எழுதினாள். பிறகு பத்தொன்பதாவது எண்ணை அழைத்தாள்.

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. இன்னும் அழுத்திக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர்தான். முதோவும் ஹொஷினாவும்.

வீட்டுக்குப் போனாள். மீன் வறுத்துச் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவினாள். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்ததுபோல் இருந்தது. ஒன்றும் தோன்றவில்லை. குளியல் தொட்டியில் நீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.

*

புதன்கிழமை பிற்பகல் அவள் போனபோது மகள் வந்திருந்தாள். சயோகோவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கறுப்புக் கோட்டு, நடைக்கான காலணி. எழுந்து குனிந்து வணங்கினாள். அவளிடம் கோபம் தெரியவில்லை. தூங்காத களைப்புதான் தெரிந்தது. மடியில் விடுதியின் தாள்கள் இருந்தன.

"முத்திரை வெச்ச காகிதம் கொண்டுவந்தீங்களா, டீச்சர்?" என்றார் ஹொஷினா. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியிருந்தார்கள். முகம் சவரம் செய்யப்பட்டிருந்தது.

"இல்ல."

"மறந்துட்டீங்களா?"

"அந்த மாதிரி எழுத முடியாது, ஹொஷினா-சான்."

சயோகோ தாள்களை ஒன்றாக அடுக்கினாள். ஹொஷினா அவளைப் பார்க்கவில்லை. நொபுயோவைப் பார்த்தார்.

வழியில், காரில், இதை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். இரண்டும் நினைவுக்கு வரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். சேவை நின்றது, முகவரியைப் புதுப்பிக்கவில்லை, அது ஏலத்தில் போனது, யாரோ வாங்கினார்கள், பழைய பக்கத்தை அப்படியே மாட்டினார்கள். புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதியது தான் என்பதையும் சொன்னாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்ப நான் அழுத்தினதெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல."

"பதினேழு மாசமா?"

"ஆமா."

"நான் விழுந்த வியாழக்கிழமை பத்து மணிக்கு போன் அடிக்கப் போறதில்லன்னு…"

"அடிக்கப் போறதில்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் சக்கரங்களுக்குப் பனிச் சங்கிலி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா வயசு ஒன்பதுதானே," என்றார். "நான் தப்பாப் பாக்கலயே?"

"நீங்க சரியாத்தான் பாத்தீங்க. வயசு உண்மை. ஆளு மாறிடுச்சு. அது அதுக்கு அடுத்த வரில இருக்கு."

"நீங்க அடுத்த வரியக் காட்டவே இல்லயே."

"காட்டல. மறைச்சு வெச்சிருந்தேன். எல்லாருக்கும் குழப்பமா இருக்குன்னு."

"எனக்குக் குழப்பமா இருக்காது," என்றார் அவர். "நான் முப்பத்தெட்டு வருஷம் நில அளவைல வேல பாத்தவன். ஒரு நிலத்தப் பாக்கணும்னா எத்தன பழசுன்னு மட்டும் பாக்க மாட்டோம். எத்தன கை மாறிச்சுன்னும் பாப்போம். அப்பவே சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்."

"ஆமா. மன்னிச்சுக்கோங்க."

அவர் தலையசைத்தார். மன்னித்ததற்கான தலையசைப்பு இல்லை. கேட்டுவிட்டேன் என்பதற்கு.

நொபுயோ பையிலிருந்து மாவட்டத்தின் விண்ணப்பத்தை எடுத்தாள். "புது ஏற்பாடு ஒண்ணு இருக்கு. தண்ணி கொதிக்கவெக்கிற பாத்திரம். காலைல தேநீருக்குத் திறந்தா செய்தி போகும். திறக்கலேன்னா மாவட்ட ஆபீஸ்லேருந்து ஆள் வருவாங்க. இத நான் நேத்து நேரா கூப்பிட்டுச் சோதிச்சேன். வேல செய்யுது."

ஹொஷினா மகளைப் பார்த்தார்.

சயோகோ முதல் தடவையாகப் பேசினாள். "அது எத்தன வருஷம் இருக்கும்?"

"ஒப்பந்தம் மூணு வருஷம்."

"எப்ப ஆரம்பிச்சுது?"

"போன வருஷம் ஏப்ரல்ல."

"அப்ப இன்னும் பதினாறு மாசம். அப்புறம்?"

நொபுயோ விண்ணப்பத்தைப் பார்த்தாள். அதில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

"அப்புறம் தெரியாது," என்றாள்.

"உங்களக் குத்தம் சொல்றதுக்காகக் கேக்கல," என்றாள் சயோகோ. "நீங்க உண்மையச் சொன்னீங்க. 'பரவாயில்ல, காகிதம் தரேன்'னு சொல்லியிருந்தா நானும் சரின்னு விட்டிருப்பேன். எனக்கும் இவரு வீட்டுல இருந்தா நிம்மதிதான். நகோயாவுல சண்டதான் நடக்கும்."

"மிசோ சூப்புலேருந்து ஆரம்பிக்கும்," என்றார் ஹொஷினா. "அங்க சூப்பு கறுப்பா இருக்கும், சேறு மாதிரி."

"அப்பா."

"உள்ளதச் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு தாதி வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். எண்ணைச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு ஹொஷினா கை நீட்டினார். சயோகோ தாள்களையும் பேனாவையும் கொடுத்தாள். அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒவ்வொரு வரியாக. இரண்டு இடத்தில் நிறுத்தி மகளிடம் கேட்டார், அவள் பதில் சொன்னாள். நொபுயோ எழுந்து போகலாமா என்று யோசித்தாள். போகவில்லை. கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் எழுதினார். எழுத்து நேராக இருந்தது.

"பேருக்குப் பக்கத்துல வெக்கற முத்திரை வீட்டுல இருக்கு," என்றார். "மேசையோட ரெண்டாவது இழுப்பறை."

"நாளைக்குப் போய் எடுக்கறேன்," என்றாள் சயோகோ.

"நாளைக்கு இல்ல. இன்னிக்குப் போகணும். ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ அஞ்சு டிகிரி போகும்னு நர்ஸ் சொன்னா. குழாய்ல இருக்கற தண்ணிய இறக்கணும். ஆள் இல்லாத வீட்டுல தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சுடும்."

"எனக்கு அது தெரியாதேப்பா. நான் ஊர விட்டுப் போய் முப்பது வருஷம் ஆச்சு."

"உன்ன யார் செய்யச் சொன்னா? டீச்சர், உங்க வீட்டுல நீங்கதான் இறக்கறீங்களா?"

"ஆமா. நான்தான்."

"எங்க வீட்டுல இறக்கிக் குடுங்க. குளியலறைச் சுவத்துல கைப்பிடி இருக்கும். வலது பக்கம் திருப்பணும், கடைசி வரைக்கும். பாதில விட்டா தண்ணி பூமிக்குள்ள போய்ட்டே இருக்கும். அப்புறம் எல்லாக் குழாயும் திறக்கணும். மாடில ஒண்ணு இருக்கு, அத மறந்துடுவாங்க. கழிப்பறைத் தொட்டிய ரெண்டு தடவ இழுத்துவிடுங்க. பீங்கானுக்குள்ள தண்ணி உறையாம ஊத்தற மருந்து அலமாரில இருக்கு, சிவப்பு மூடி. வெந்நீர் இயந்திரத்துக்கு அடியில ரெண்டு திருகு இருக்கு, கைலயே திருகலாம். எழுதிக்கறீங்களா?"

நொபுயோ விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

*

சயோகோ வீட்டைத் திறந்துவிட்டு இழுப்பறையைத் தேடப் போனாள். நான்கு மணி ஆகியிருந்தது. மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வெளியைவிடக் குளிராக இருந்தது. சமையலறையில் சோற்றுக் குக்கரின் விளக்கு இன்னும் எரிந்தது. யாரும் அணைக்கவில்லை. நொபுயோ அதன் இணைப்பைப் பிடுங்கினாள். மூடியைத் திறக்கவில்லை.

குளியலறைச் சுவரில் கைப்பிடி இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் வலது பக்கம் திருப்பினாள். கடைசி வரைக்கும். சமையலறைக் குழாயைத் திறந்தாள். சிறிது நீர் வந்தது, பிறகு காற்றை உள்ளே இழுக்கும் சத்தம். முகம் கழுவும் இடத்திலும், குளியல் தொட்டியிலும், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னாலும் இருந்த குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மாடிக்கு ஏறினாள். அங்கே ஒரு சின்னத் தொட்டி, அதன் மேல் பல் துலக்கும் கோப்பை. அந்தக் குழாயையும் திறந்தாள். சுவருக்குள் நீர் இறங்கிப் போவது கேட்டது. மாடியிலிருந்து கீழே, கீழிருந்து தரைக்கு அடியில்.

கழிப்பறைத் தொட்டியை இரண்டு தடவை இழுத்துவிட்டாள். சிவப்பு மூடி போட்ட மருந்தை ஊற்றினாள். வெளியே போய் வெந்நீர் இயந்திரத்தின் அடியில் கை விட்டுத் திருகுகளைக் கழற்றினாள். முதல் திருகு சுலபமாக வந்தது. இரண்டாவது வரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் திருகினாள். வந்தது. நீர் அவள் சட்டைக் கையில் வழிந்து முழங்கைவரை போனது. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்று சயோகோ வாசலிலிருந்து கேட்டாள். கையில் முத்திரையின் சின்ன உறை இருந்தது.

"முடிஞ்சுது. குழாயெல்லாம் திறந்தே இருக்கணும். மூடிடாதீங்க."

"எப்ப மூடறது?"

"யாராவது திரும்பி வந்தா."

சயோகோ விளக்கை அணைத்தாள். கதவைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள்.